வயிறு இளகும் வரை

என் அண்ணன் தெர்யோ எதையும் எண்ணிப் பார்த்தவன் இல்லை. மீன்பிடித் துறையில் ஐஸ் விற்றான். பாளம் பாளமாக வரும் ஐஸை அரவை இயந்திரத்துக்குள் தள்ளுவான். மறுபக்கம் தூளாகக் கொட்டுவதை மண்வாரியில் ஏந்திக்கொண்டு, படகுக்காரனின் பெட்டியையும் அதில் கிடக்கும் மீனையும் ஒரு பார்வை பார்ப்பான். பிறகு அள்ளிப் போடுவான். கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. அளவு அவன் தோளில் இருந்தது. வீட்டில் உலைக்கு அரிசி போடுவதும் அப்படித்தான், பிள்ளைகளுக்கு இருமல் மருந்து ஊற்றுவதும் அப்படித்தான். "கரண்டி எதுக்கு? அதான் கை இருக்கே" என்பான்.

நாள் முழுவதும் ஐஸ் கரைந்த தண்ணீரில் ரப்பர் செருப்போடு நின்ற கால்கள் அவனுடையவை. நாற்பதைத் தாண்டியதும் யூரிக் ஆசிட் சேர்ந்து வலது காலின் பெருவிரலில் கீல்வாதம் வந்தது. எங்கள் ஊரில் பாதி ஆண்களுக்கு அது உண்டு. மத்தியும் பன்றிக் குடலும் பீரும் சேர்ந்தால் அது வராமல் எங்கே போகும்? அண்ணன் அதற்கு மேயர் என்று பெயர் வைத்திருந்தான். அவன் நொண்டிக்கொண்டு வரும் நாளில் துறையில் கேட்பார்கள்.

"என்ன தெர்யோ, மேயர் வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. பெருவிரல்ல கூட்டம் போட்டு உக்காந்திருக்காரு. போர்வை பட்டாக்கூட அவருக்குக் கோவம் வருது."

மேயரை அனுப்பி வைக்கிற மாத்திரை கோல்சிசின். அண்ணன் சர்க்கரை ஆலையில் வேலை செய்த காலத்தில் அங்கிருந்த வயதான டாக்டர் அதைச் சாப்பிடும் முறையைச் சொல்லிக் கொடுத்திருந்தார். வலி வந்ததும் ஒரு மாத்திரை, பிறகு மணிக்கு ஒன்று. வலி நிற்க வேண்டும், இல்லையென்றால் வயிறு இளகிப் பேதியாக வேண்டும். எது முதலில் வந்தாலும் அதோடு நிறுத்திவிட வேண்டும். அந்த டாக்டர் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. அவர் சொன்ன முறை மட்டும் ஊரில் உயிரோடு இருந்தது. மாத்திரை பெட்டிக்கடையில் உதிரியாகக் கிடைக்கும். கடைக்காரம்மா சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவாள். எவ்வளவு சாப்பிடணும் என்று யாராவது கேட்டால், "வயிறு சொல்லும்" என்பாள்.

அண்ணனுக்கு அந்த முறை பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. அதில் எண்ண வேண்டிய வேலையே கிடையாது.

எங்கள் ஊரின் காவல் புனிதர் சான் ரோகே. தொடையில் இருக்கும் புண் தெரியும்படி அங்கியை விலக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். காலடியில் ரொட்டியைக் கவ்விய நாய். ஆகஸ்டு மாதத் திருவிழாவில் அவரை மரப்பீடத்தோடு பதினாறு பேர் வெறுங்காலில் சுமந்து ஊரைச் சுற்றி வருவார்கள். பீடத்தின் அடியில் ஒவ்வொரு இடமும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். முன்பக்கத்து இடது மூலை எங்கள் அப்பாவுடையது, அவருக்குப் பிறகு அண்ணனுடையது. அந்த மூலைக்காரன் கையில் ஒரு கருங்காலிக் கோல் இருக்கும். பீடத்தின் மரச்சட்டத்தில் அவன் தட்டினால்தான் தூக்குவார்கள், அவன் தட்டினால்தான் இறக்குவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கால் வலிக்கிறது என்று ஒருவன் ஒதுங்கினால், அவனுடைய இடம் காத்திருக்கும் வேறொரு குடும்பத்துக்குப் போய்விடும். திரும்ப வராது. அவன் தோள் வேண்டாம் என்று புனிதரே சொல்லிவிட்டதாக அர்த்தம். அதனால் ஆகஸ்டு பிறந்ததும் பீடத்துக்காரர்கள் யாரும் கால் வலி என்ற பேச்சை எடுக்க மாட்டார்கள். மேயர் வந்தாலும் திருட்டுத்தனமாகத்தான் வந்து போவார்.

இந்த வருடம் அவர் வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். ஞாயிறு பிற்பகலில் ஊர்வலம்.

முந்தைய நாள் பீடத்துக்காரர்கள் ஒன்றாகக் கூடிப் பன்றி அடித்திருந்தார்கள். அதன் ரத்தத்திலும் குடலிலும் வைத்த குழம்பை அண்ணன் இரண்டு தட்டுச் சோற்றோடு சாப்பிட்டிருந்தான். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, பக்கத்து வீடான அண்ணன் வீட்டுப் பின்கட்டில் அவன் வலது காலை ஐஸ் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஊருக்கெல்லாம் ஐஸ் வித்துட்டு இப்ப உனக்கே ஐஸா, மனோங்?" என்றேன். மூத்தவனை அப்படித்தான் கூப்பிடுவோம், இளையவளை இன்டாய் என்போம்.

"மீன் கெடாம இருக்க ஐஸ் போடறோம்ல, இன்டாய்? இந்த விரலும் ஞாயித்துக்கிழமை வரைக்கும் கெடாம இருக்கணும்ல."

அண்ணி நெலியா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "அந்த வாயையும் கொஞ்சம் வாளில விடுங்க. ரெண்டு நாளைக்கு நிம்மதியா இருப்போம்."

அவன் சட்டைப் பையில் பிளாஸ்டிக் பை உப்பலாக இருந்தது. சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது கொல்லைக் கதவு அடிக்கடி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வயிறு இளகிவிட்டது. அத்தோடு மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அண்ணனுக்கு வேறு கவலை.

"சான் ரோகே தோள்ல இருக்கறப்ப வயித்தைக் கலக்கினா என்ன பண்றது? அவரை நடுத்தெருவுல இறக்கி வெச்சிட்டு ஓடவா? நெலியா, கொய்யா இலை பறிச்சுட்டு வா."

வயிற்றுப்போக்குக்கு எங்கள் ஊரில் கொய்யா இலைக் கஷாயம்தான். துளிர்களைப் போட்டுச் செம்பழுப்பாகச் சுண்டும்வரை கொதிக்க வைப்போம். அண்ணி அதைக் குடம் மாதிரி இருந்த பாத்திரத்தில் வைத்தாள். குடித்தான். வயிறு கட்டிக்கொண்டது. விரல் மட்டும் அப்படியே சிவந்து தெறித்தது.

வலியும் நிற்கவில்லை, வயிறும் போகவில்லை. அண்ணனுடைய கணக்குப்படி மருந்து இன்னும் போய்ச் சேரவில்லை. அதனால் மாத்திரையைத் தொடர்ந்தான். வயிறு கொஞ்சம் புரண்டால் ஒரு வாய் கஷாயம், விரல் தெறித்தால் ஒரு மாத்திரை. போதும் என்று மருந்து சொல்ல வந்ததைக் கஷாயம் வாயைப் பொத்தி உட்கார வைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரை அது எங்களில் யாருக்கும் புரியவில்லை.

சனிக்கிழமை காலையில் விரல் வற்றியிருந்தது. அண்ணன் கொல்லையில் ஒரு சுற்று ஆடிக் காட்டினான். யாரோ அனுப்பியிருந்த சிப்பிகளை வினிகரில் தொட்டுத் தின்றான். மதியத்துக்குள் வாந்தி தொடங்கியது. கஷாயத்துக்கும் அடங்காமல் வயிறு கொட்டியது. தொண்டை எரிகிறது என்றான், உதடுகள் வெளுத்தன, சட்டை தொப்பலாக நனைந்தது. மூன்று சக்கர வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அது தேவாலயத்தின் முன்னுள்ள பிளாசாத் திடலுக்குப் பின்தெருவிலேயே இருக்கிறது.

"என்ன சாப்பிட்டார்?"

"சிப்பி" என்றாள் அண்ணி.

திருவிழா நாளில் அந்தப் பதிலே போதும். வார்டில் ஏற்கெனவே அதே மாதிரி இரண்டு பேர் வாளியும் கையுமாகக் கிடந்தார்கள். அண்ணனுக்கும் ஊசி போட்டார்கள், சலைன் ஏற்றினார்கள், ரத்தம் எடுத்தார்கள்.

ஞாயிறு விடிந்தபோது அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். வாந்தி இல்லை. முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்திருந்தது. கஞ்சி கேட்டான். சலைன் எப்போது தீரும் என்று கேட்டான். ஊர்வலத்துக்கு உடுத்தும் பழுப்புச் சட்டையை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னான். நான் எடுத்து வந்தேன். கோலையும் கொண்டுவரச் சொல்லியிருந்தான்.

முன்பக்கத்து வலது மூலைக்காரன் செல்மோ பார்க்க வந்தான். படகுகளுக்கு வலை இறக்கும் கூலிவேலை, அண்ணனோடு சின்ன வயதிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிகிறவன். கதவருகே நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். வலது காலைத் தரையில் முழுதாக ஊன்றவில்லை.

"சிப்பிக்கே விழுந்துட்டியா? என்னமோ திமிங்கலம் முழுங்கின மாதிரி படுத்திருக்கே."

"நீ வேணா இந்தக் கட்டில்ல படு, நான் எந்திரிச்சுப் போறேன்" என்றான் அண்ணன். "இந்தா, கோலை வெச்சுக்க. நேரத்துக்கு நான் வந்துடுவேன். வரலைன்னா நீ தட்டு. மூணு தட்டு. பின்வரிசை தோள் குடுத்தப்புறம்தான் மூணாவது. அவசரப்படாத."

கோலைக் கொடுத்துவிட்டு அவன் கையையும் பிடித்துக் குலுக்கினான். குலுக்கி முடித்த பிறகும் செல்மோவின் கை மூடியே இருந்தது. மூடிய கையோடு கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு போனான்.

டாக்டர் பலோமார் வந்தது அதற்குப் பிறகு. இளவயதுப் பெண். முந்தின நாள் விடுப்பு, அன்று காலைதான் வேலைக்கு வந்திருந்தாள். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே கட்டிலருகே நின்றாள்.

"மனோங் தெர்யோ, எப்படி இருக்கீங்க?"

"சான் ரோகேயைத் தூக்கற அளவுக்கு இருக்கேன், டாக்டர். கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க."

அவள் சிரிக்கவில்லை. "கிட்னி சரியா வேலை செய்யலையே. உங்களுக்கு முன்னாடியே கிட்னில பிரச்சினை இருக்கா?"

"எனக்கு மூத்திரம் நல்லாத்தான் போகும்."

அவள் போர்வையை விலக்கிக் கால்களைப் பார்த்தாள். வலது பெருவிரலில் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்திருந்தது. "இது என்ன?"

"செருப்பு கடிச்சது."

அந்த நேரம் பார்த்து அண்ணி ஃப்ளாஸ்க்கைத் திறந்து செம்பழுப்பாக ஒரு டம்ளர் ஊற்றினாள். டாக்டர் திரும்பினாள்.

"அது என்ன, டீயா?"

"கொய்யா இலை, டாக்டர். வயித்துக்கு. இதைக் குடிச்சுத்தான் வெள்ளிக்கிழமையிலேர்ந்து தாங்கறாரு."

"வெள்ளிக்கிழமையிலேர்ந்தா?" டாக்டர் தாளைக் கீழே வைத்தாள். "சிப்பி சாப்பிட்டது எப்ப?"

"நேத்துக் காலைல."

"அப்ப சிப்பி சாப்பிடறதுக்கு முந்தின நாளே வயிறு போயிருக்கு."

அண்ணன் போர்வையைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். டாக்டர் கட்டிலிலேயே உட்கார்ந்தாள்.

"மனோங் தெர்யோ. செருப்புக் கடிக்கு என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

அண்ணன் வார்டின் கதவைப் பார்த்தான். வேறு பீடத்துக்காரர் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான் என்பது எனக்குத் தெரியும். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். "கோல்சிசின்."

"எத்தனை?"

அவன் உள்ளங்கையைக் குழித்து நீட்டினான். கட்டைவிரலால் ஒரு கோடு காட்டினான். "இவ்வளவு இருக்கும்."

எண்ணிக்கை கேட்டால் ஐஸ்காரன் அள்ளிக் காட்டுகிற அளவு அது. டாக்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு அவள் கோபப்படுகிறாள் என்று தோன்றியிருக்க வேண்டும், விளக்க ஆரம்பித்தான்.

"முறைப்படிதான் சாப்பிட்டேன், டாக்டர். வலி நிக்கலை. வயிறும் போகலை, கஷாயம் பிடிச்சு நிறுத்திடுச்சு. வயிறு போனாத்தானே நிறுத்தணும்? அப்ப மருந்து பத்தலைன்னுதானே அர்த்தம்?"

"அந்த முறையையே நாங்க எப்பவோ விட்டாச்சு" என்றாள் அவள். "இப்பல்லாம் முதல்ல ரெண்டு, ஒரு மணி நேரம் கழிச்சு ஒன்னு. அதோட சரி. கிட்னி கெட்டவங்களுக்கு அதுவும் யோசிச்சுத்தான். வயிறு போறது மருந்து வேலை செய்யுதுங்கறதுக்கு அடையாளம் இல்லை. அது விஷமாக ஆரம்பிச்சதுக்கு அடையாளம்."

பையிலிருந்து சின்ன ரப்பர் சுத்தியலை எடுத்து அவன் முழங்காலுக்குக் கீழே தட்டினாள். கால் அசையவில்லை. இன்னொரு காலில் தட்டினாள். திரும்பவும் தட்டினாள்.

"நீங்க தட்டறது பத்தலை" என்றான் அண்ணன். "கோல் இருந்தா நான் தட்டிக் காட்டுவேன்."

"விரலெல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்கா?"

"ஐஸ்காரன் விரல், டாக்டர். எப்பவும் மரத்துத்தான் இருக்கும்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மார்பில் ஒயர்கள் ஒட்டினார்கள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இலோயிலோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார்கள். ஒரு பெரிய டம்ளர் நிறையக் கரித்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தார்கள். குடலில் மிச்சம் இருக்கிற மருந்தைக் கரி பிடித்துக்கொள்ளும் என்று நர்ஸ் சொன்னாள். அண்ணன் குடித்துவிட்டுப் பல்லைக் காட்டினான். பல்லெல்லாம் கறுப்பு.

"சாம்பல் புதன்ல நெத்திலதான் பூசுவாங்க. இங்க என்னடான்னா குடிக்கவே குடுக்கறாங்க."

அண்ணி சிரித்துவிட்டாள். டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நீங்க தங்கச்சிதானே? டீச்சர்னு சொன்னாங்க. மறைக்காம சொல்றேன். இப்ப நல்லா இருக்கற மாதிரித் தெரியறதை நம்பாதீங்க. இது நடுவுல வர்ற ஒரு இடைவெளி. வயிறு அடங்கும், ஆள் எந்திரிச்சு உக்காருவாங்க, வீட்டுக்குப் போறேன்பாங்க. அதுக்கப்புறம்தான் ரத்தம், கிட்னி, இதயம்னு ஒவ்வொன்னா விழும். உடம்புல புது அணு உண்டாகறதையே இந்த மருந்து நிறுத்திடும்."

"மாற்று மருந்து இருக்குமே?"

"நம்ம கைக்கு எட்டற எடத்துல இல்லை. டயாலிசிஸ் பண்ணாலும் இது ரத்தத்தைவிட்டு வெளிய வராது. இதயம் நிக்காம, ரத்தம் குறையாம பார்த்துக்கிட்டு, உடம்பு தானா தாண்டி வர்ற வரைக்கும் தாங்கிப் பிடிக்கணும். அதுக்குத்தான் நகரத்துக்கு அனுப்பறேன். கரித்தூள் மாத்திரை சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல குடுத்திருந்தா நல்லாப் பிடிச்சிருக்கும். இவருக்கு நாள் கடந்துடுச்சு." பிறகு கேட்டாள். "மிச்ச மாத்திரை எங்க? அந்த வீட்டுல வேற யாராவது எடுத்துட்டா வம்பு."

நான் வார்டுக்குள் போய் அவன் சட்டைப் பையைத் துழாவினேன். காலி. தலையணைக்கு அடியில் பார்த்தேன்.

"காலைல செல்மோ கையில என்ன குடுத்தே, மனோங்?"

"சிகரெட்."

"நீ எப்ப சிகரெட் பிடிச்சே?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு அந்த முகம் தெரியும். அப்பாவிடம் அடி வாங்கும்போதும் செல்மோ பெயரைச் சொல்லாத முகம்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், இன்டாய். அவன் பையன் சின்னவன், தோள் குடுக்கற வயசு இல்லை. இப்ப எடம் போனா போனதுதான்."

"அவனும் கஷாயம் குடிக்கிறானா?"

அவன் கண்ணைத் திறந்தான். அப்போதுதான் அவனுக்கு முழுதாகப் புரிந்திருக்க வேண்டும். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"நான்தான் குடிக்கச் சொன்னேன்" என்றான். "போ. ஓடு. ஆனா எதுக்குன்னு அங்க சொல்லாத."

வெளியே தூறல். பிளாசா முழுக்கக் குடைகள். சான் ரோகே பிளாஸ்டிக் தாள் போர்த்திக்கொண்டு தேவாலய வாசலில் முட்டுக்கட்டைகள்மேல் நின்றிருந்தார். பழுப்புச் சட்டைக்காரர்கள் குனிந்து பீடத்தின் அடியில் நுழைந்துகொண்டிருந்தார்கள். முன்மூலையில் செல்மோ, கையில் எங்கள் கோல். இடுப்பில் ஒரு குளிர்பானப் பாட்டிலைச் செருகியிருந்தான். அதில் பாதிக்குமேல் குடித்து முடித்த செம்பழுப்புத் தண்ணீர். மழையிலும் அவன் நெற்றியில் வேர்வை தனியாகத் தெரிந்தது.

"செல்மோ, மனோங் கூப்பிடறான். உடனே வா."

"முடிச்சிட்டு வர்றேன், இன்டாய்."

"இப்ப வா."

விழாப் பொறுப்பாளர் டெல்ஃபின் குடையோடு வந்தார். "டீச்சர், பொம்பளைங்க பீடத்துக்கிட்ட நிக்கக் கூடாது. தள்ளுங்க. செல்மோ, மழை வலுக்கறதுக்குள்ள தட்டு."

செல்மோ கோலை ஓங்கினான். ஒரு தட்டு. அண்ணன் போக மீதிப் பதினைந்து தோள்களும் சட்டத்துக்கு வந்தன. இரண்டாவது தட்டு. மூன்றாவதற்குக் கை மேலே போனபோது நான் கோலைப் பிடித்துப் பிடுங்கினேன்.

எனக்கே தெரியாத வேகத்தில் நடந்துவிட்டது. கூட்டம் ஓவென்றது.

"இது எங்க அப்பா கோல்" என்றேன். "வேணும்னா ஆஸ்பத்திரிக்கு வந்து மனோங்கிட்ட வாங்கிக்க."

திரும்பி நடந்தேன். பின்னால் டெல்ஃபின் கத்துவது கேட்டது. குடைகளுக்குள்ளிருந்து எவனோ ஒருவன் சொன்னான். "இத்தனை வருசமா நாய்தான் ரொட்டியைக் கவ்விட்டு நிக்குது. இப்ப டீச்சர் கோலைக் கவ்விட்டு ஓடறாங்க பாரு!" பெரிய சிரிப்பு. நான் நிற்கவில்லை. செல்மோ வருகிறானா என்று திரும்பிப் பார்க்கவும் பயம். பின்தெரு திரும்பும்போது ஈரத்தரையில் ஒரு பாதம் அழுத்தியும் ஒரு பாதம் இழுத்தும் விழுகிற சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துவிட்டான்.

"பைத்தியமா உனக்கு? ஊரே பார்க்குது!"

"எத்தனை மாத்திரை போட்டே?"

அவன் முகம் மாறியது. "மெதுவாப் பேசு."

"எத்தனை?"

"காலைலேர்ந்து போடறேன். ரெண்டு ரெண்டாப் போட்டேன், நேரம் இல்லைன்னு. வயிறு இன்னும் ஒன்னும் ஆகலை."

அப்போது அண்ணனைத் தள்ளுபடுக்கையில் வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் கூடவே சலைன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவன் நிறம் இறங்கியிருந்தது. செல்மோவையும் என் கையிலிருந்த கோலையும் பார்த்தான்.

"தட்டலையா?"

"உன் தங்கச்சி பிடுங்கிட்டா."

"நல்லது. உள்ள போ. கறுப்பா ஒன்னு தருவாங்க. மூஞ்சியைச் சுளிக்காமக் குடி."

"காலைல நல்லாத்தானே இருந்தே, தெர்யோ? என்னடா இது?"

அண்ணன் கையை உயர்த்தினான், பேசாதே என்பது போல. பிளாசா பக்கமிருந்து மழையினூடே சட்டத்தில் தட்டுகிற சத்தம் வந்தது.

"கல்லால தட்டறானுங்க" என்றான். "பின்வரிசை இன்னும் தோள் குடுக்கலை. அவசரம்." ஆம்புலன்ஸ் கதவை மூடினார்கள்.

டாக்டர் செல்மோவின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

நகரத்தில் அவள் சொன்னது சொன்னபடி நடந்தது. திங்கட்கிழமை வெள்ளை அணுக்கள் சரிந்தன. சிறுநீர் நின்றது, டயாலிசிஸ் வைத்தார்கள். ஊசி குத்திய இடமெல்லாம் நீலமாகப் பரவியது. ரத்தம் ஏற்றினார்கள், எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ஊசி போட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே அண்ணியும் நானும் மாறி மாறி நின்றோம். வாய் முழுக்கப் புண்ணாகிவிட்டது என்று நர்ஸ் ஒரு கரண்டியில் ஐஸ் துண்டு வைத்து ஊட்டினாள். அண்ணன் நாக்கில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"பழைய ஐஸ்" என்றான். "ஒரு தடவை உருகி மறுபடி உறைஞ்சது. யார்கிட்ட வாங்கறீங்க?"

அதற்குப் பிறகு அவன் பேசியது புரியவில்லை. செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் திரையில் கோடு தாறுமாறாக ஓடியது. உள்ளே எல்லோரும் அவன்மேல் குனிந்தார்கள். ரொம்ப நேரம் குனிந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

செல்மோவையும் நகரத்துக்கே கொண்டுவந்து மாடியில் வேறு வார்டில் வைத்திருந்தார்கள். அவனுக்கும் அணுக்கள் இறங்கின. ஆனால் ஒரு இடத்தில் நின்றன, பிறகு ஏறின. கரி பிடித்த அளவு பிடித்துவிட்டது என்றார்கள். அண்ணனை அடக்கம் செய்த நாளில் அவனால் வர முடியவில்லை.

நாற்பதாம் நாள் செபத்துக்கு வந்தான். முற்றத்தில் பீடத்துக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். அண்ணி பன்றிக் குழம்பு வைக்கவில்லை, கோழியும் சோறும்தான். செபம் தொடங்கியதும் செல்மோ தொப்பியைக் கழற்றினான். தலையில் ஒரு முடி இல்லை, புருவமும் இல்லை. முடிந்ததும் டெல்ஃபின் மெல்லக் கேட்டார்.

"என்ன செல்மோ, வேண்டுதல் மொட்டையா?"

"இல்லை. கோல்சிசின்" என்றான் செல்மோ. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "எனக்கும் மேயர் உண்டு. அஞ்சாறு வருசமா. எடத்தை யாருக்கு வேணாலும் குடுங்க."

யாரும் அவனைப் பார்க்கவில்லை. தட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் அவரவர் கால்களைப் பார்த்தார்கள். பின்வரிசைக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த டாக்டரம்மா என்னைக்கு இருப்பாங்க?" என்று என்னிடம் கேட்டார். திங்கள், புதன் என்றேன். பக்கத்தில் இருந்தவர், "புதன்கிழமை நானும் வர்றேன்" என்றார். டெல்ஃபின் இடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே இருந்தார்.

கோல் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. செல்மோ அதைக் கேட்கவில்லை.

எல்லோரும் கிளம்பும்போது அண்ணி செல்மோவின் எதிரே போய் நின்றாள். ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும் அழாதவள். அவன் குனிந்தான். அவன் தலைமேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக முன்னும் பின்னும் தடவினாள். எதையோ தேடுகிற மாதிரி பின்கழுத்துப் பக்கம் விரலை நிறுத்தினாள்.

"இங்க முளைக்குது" என்றாள். கையை எடுக்கவில்லை.